நகரத்துக்கு மேலே ஒரு காடு: மலைச்சைக்கிள் ஓட்ட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக மலைத்தடத்துக்கு வருபவர்களோடு கொஞ்ச காலமாகக் கூடவே ஓட்டிவருகிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரே பதிலை ஏற்றத்தில் மூச்சிரைக்கச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இங்கே ‘உயரம்’ என்றால் 1500 மீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தடம்’ என்றால் ஒரு சைக்கிள் மட்டும் போகிற அகலத்தில் மரங்களுக்கு இடையே ஓடும் மண்பாதை.

மலைச்சைக்கிள்னா என்ன? கியர் சைக்கிளோட இன்னொரு பேருதானே?

இல்லை. கியர் இருப்பதால் அது மலைச்சைக்கிள் ஆகிவிடாது. அகலமான, முண்டு முண்டான டயர், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், அகன்ற ஹேண்டில்பார், அடியைத் தாங்கும் சட்டகம், இறக்கத்தில் ஓட்டுபவரை முன்னால் கவிழ்க்காத வடிவமைப்பு ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் மலைச்சைக்கிள். கண்ணுக்கு அப்படித் தெரிந்து, ஓட்டினால் அப்படி இல்லாத சைக்கிள்களும் நிறைய விற்பனையில் இருக்கின்றன.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு நகரத்தை ஒட்டிய மலையில்தான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி. அங்கே 1970களில் சிலர் பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய் மண்பாதையில் விரட்டி இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21-ல் அது முறையான பந்தயமானது. பெயர் ‘ரீபேக்’. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் அந்தக் கால பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் சூடேறிப் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று என்பதால் வந்த பெயர். அங்கே ஓட்டிய ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே ஒரு சட்டகத்தைப் புதிதாகச் செய்தார். 1996 அட்லான்டாவில் இது ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. அந்த கிரீஸ் கதையை நினைவில் வையுங்கள், பிரேக் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

என்கிட்ட இருக்கிற சாதா சைக்கிளையே கொண்டு வரலாமா?

ஜீப் போகிற அகலத்தில் மண்சாலை என்றால் வரலாம். வேரும் கல்லும் நிறைந்த தடம் என்றால் வேண்டாம். முடிவெடுக்க ஒரு வழி: முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே ‘டக் டக்’ என்று ஆடினால் அந்தச் சைக்கிளோடு மலைக்கு வராதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ரிம் கோணிக்கொண்டு சுற்றினாலும் அதே பதில்தான்.

முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருந்தா போதுமா, பின்னாடியும் வேணுமா?

தொடங்குபவருக்கு முன்பக்கம் மட்டும் போதும் என்பது என் கட்சி. பராமரிப்பு குறைவு, ஏற்றத்தில் மிதிக்கிற பலம் வீணாகாது. பின் சக்கரம் ஒவ்வொரு வேரையும் உங்களுக்குச் சொல்லிக் காட்டும் என்பதால் பாதையைப் படிக்கவும் சீக்கிரம் பழகும். மாற்றுக் கட்சியும் உண்டு: பின் சஸ்பென்ஷன் இருந்தால் முதுகும் முழங்காலும் பிழைக்கும், களைத்த நேரத்தில் செய்யும் தவறுகளை அது மன்னிக்கும்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கி எழும் என்பதை வைத்து வகை பிரிப்பார்கள். 100–120 மி.மீ. என்றால் நெடுந்தூரத்துக்கும் ஏற்றத்துக்கும், 120–150 என்றால் பொதுவான காட்டுத்தடத்துக்கு, 200-ஐ நெருங்கினால் இறங்குவதற்கு மட்டும். எண் கூடக்கூட நல்லது என்று நினைத்து 170 மி.மீ. சைக்கிளை வாங்கி, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே வருபவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வாங்கியது எதுவானாலும் அதை உங்கள் எடைக்குச் சரிசெய்யுங்கள். சைக்கிள் மீது சும்மா நின்றாலே ஃபோர்க் 15–20 விழுக்காடும் பின் ஷாக் 25–30 விழுக்காடும் அமுங்க வேண்டும். கடையில் வைத்துக்கொடுத்த காற்றோடே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

வீல் 26-ஆ, 27.5-ஆ, 29-ஆ?

எண்கள் சக்கரத்தின் அளவு, அங்குலத்தில். உயரமானவர் என்றால் 29, குட்டையானவர் என்றால் 27.5-ஐயும் ஓட்டிப் பாருங்கள். பெரிய சக்கரம் வேர்மேல் எளிதாக ஏறி உருளும், சிறியது வளைவில் சட்டென்று திரும்பும். 26-க்கு இப்போது டயர் கிடைப்பதே குறைந்துவருகிறது.

அண்ணா, கீழே 50 கிலோமீட்டர் அசராம ஓட்டுறேன். மேலே வந்தா 5 கிலோமீட்டர்லயே ஏன் இப்படி இரைக்குது?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா உயரத்திலும் ஒன்றுதான், 21 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மாறுவது அழுத்தம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் 1500 மீட்டரில் ஏறக்குறைய 84 விழுக்காடும், 2500 மீட்டரில் 74 விழுக்காடும், 3000 மீட்டரில் 69 விழுக்காடும்தான் இருக்கும். அதாவது 2500 மீட்டரில் நான்கு முறை இழுத்தால் கீழே மூன்று முறை இழுத்த அளவுக்குத்தான் ஆக்சிஜன் உள்ளே போகும். உடல் அதிகபட்சமாக எரிக்கக்கூடிய ஆக்சிஜனே பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இது உங்கள் உடல்தகுதி பற்றிய தீர்ப்பு அல்ல. கீழே பழகிய அதே வேகத்தை மேலேயும் பிடிக்கப் பார்ப்பதுதான் தவறு. வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் ஒரு கியர் குறையுங்கள். மேலே ஒருமுறை மூச்சு முட்டிவிட்டால் அது தணிய கீழே ஆவதைவிட வெகுநேரம் பிடிக்கும். முதல் இருபது நிமிடம் ‘இவ்வளவு மெதுவாகவா’ என்று உங்களுக்கே வெட்கமாக இருக்க வேண்டும், அதுதான் சரியான தொடக்கம்.

அப்போ முதல் நாளே மேலே போய்த் தங்கிட்டா உடம்பு பழகிடுமா?

ஒரு இரவில் பழகாது. சில மணி நேரத்திலேயே மூச்சும் இதயத் துடிப்பும் கூடிவிடும், அது உடலின் முதல் சமாளிப்பு. ரத்தச் சிவப்பணுக்கள் உண்மையில் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே நகரத்தை ஒட்டிய மலைகளுக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் காரில் 2500 மீட்டர் ஏறிவிடலாம். கால்நடையாக ஏறியவருக்கு இரண்டு நாளில் கிடைத்திருக்கும் பழக்கம் காரில் வந்தவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, குமட்டல் போன்றவை) பெரும்பாலும் மேலே போன 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். ஆகவே காலையில் போய் மதியம் இறங்குபவருக்கு வருவது பெரும்பாலும் வெறும் களைப்பு. மேலே தூங்கப் போகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். 3000 மீட்டருக்கு மேல் பல நாள் பயணம் என்றால் தூங்குமிடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் தங்குங்கள்.

தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டுட்டு ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். 2500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, அசாதாரணச் சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே ஓய்வெடுங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். வலிமாத்திரை வலியை மறைக்கும், காரணத்தை அல்ல.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒன்று, நேர்க்கோட்டில் குதிகாலை முன்விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது அல்லது பேச்சு குழறுவது: மூளையில் நீர் கோத்திருக்கலாம். இரண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது: நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே உயிரை எடுக்கும். இருட்டோ மழையோ, உடனே கீழே கொண்டுபோக வேண்டும், அவரைச் சைக்கிள் ஓட்டவிடாமல். அசிடசோலமைடு என்று ஒரு தடுப்பு மாத்திரை இருக்கிறது. அதை மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும், நண்பரின் பையிலிருந்து வாங்கிப் போடக் கூடாது.

மேலே குளிரா இருக்கே, தண்ணி கம்மியா கொண்டு போனா போதாதா?

போதாது. வேகமாக மூச்சு விடும்போது காய்ந்த காற்று உங்கள் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும், வியர்வையும் உடனே உலர்ந்துவிடுவதால் இழந்தது தெரியாது. மணிக்கு அரை லிட்டரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் உடம்புக்கும் ஏற்பக் கூட்டுங்கள். வெயிலும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும், குளிர் அதைக் குறைப்பதில்லை.

பலர் மறப்பது காற்றுத் தடுப்புச் சட்டை. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. ஏற்றத்தில் நனைந்த பனியனோடு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. உச்சியில் நின்று படம் எடுப்பதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏறும்போது குனிஞ்சா பின் சக்கரம் வழுக்குது, நிமிர்ந்தா முன் சக்கரம் தூக்குது. என்னதான் பண்றது?

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சீட்டின் மூக்குக்கு நகர்ந்து உட்காருங்கள், நெஞ்சைத் தாழ்த்துங்கள், முழங்கையை மடக்கித் தரையை நோக்கி இறக்குங்கள். எடை பின் சக்கரத்தின் மேல் இருக்கும், முன் சக்கரமும் தரையில் இருக்கும். எழுந்து நின்று மிதித்தால் தளர்ந்த மண்ணில் பின் சக்கரம் சுழன்றுவிடும். கியரை ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே மாற்றுங்கள். பாதியில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறுவது அங்கேதான். இறங்கித் தள்ளுவதில் அவமானம் எதுவும் இல்லை, மிகக் கரடான ஏற்றத்தில் தள்ளுவதும் ஓட்டுவதும் ஏறக்குறைய ஒரே வேகம்தான்.

இறக்கத்துல முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவோம்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. அதைக் கேட்டுப் பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். பிரேக் போட்டவுடன் எடை முன்னால் பாய்கிறது, முன் டயர் மண்ணில் அழுந்துகிறது, பிடிப்பு அங்கேதான் கூடுகிறது. பின் டயர் அப்போது பாரமற்றுப் போய், லேசாகப் பிடித்தாலே பூட்டிக்கொண்டு வழுக்கும். வழுக்கும் சக்கரம் நிற்பதில்லை, தடத்தையும் கீறிவிடும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் உண்மையான வேலை முன் பிரேக்குடையது.

குப்புற விழுவது மூன்று சூழ்நிலையில் நடக்கும்: திடீரென்று முழுதாக இறுக்குவது, சீட்டில் உட்கார்ந்தபடியே இறுக்குவது, முன் சக்கரம் திரும்பியிருக்கும்போது இறுக்குவது. மாற்று எளிது. சீட்டை இறக்குங்கள். பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய், குதிகாலைத் தாழ்த்துங்கள். எடை காலில் இருக்க வேண்டும், கையில் அல்ல. லீவருக்கு ஒரு விரல் போதும், மிச்ச விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும். வளைவுக்கு முன்பே நேராக வரும்போது பிரேக் போட்டுவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கண் முன் சக்கரத்தைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு.

ஒரு எச்சரிக்கை: எந்தக் கை எந்த பிரேக் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இரவல் சைக்கிள் என்றால் சமதளத்தில் முதலில் பிடித்துப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை, இடது தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பிடிச்சுக்கிட்டேதான் இறங்கினேன், கடைசியில பிரேக்கே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. பிரேக் கெட்டுப் போச்சா?

பெரும்பாலும் கெடவில்லை, சூடேறியிருக்கிறது. ‘ரீபேக்’ கிரீஸுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும். தொடர்ந்து லேசாக உரசிக்கொண்டே வந்தால் டிஸ்க் ஆறுவதற்கு ஒரு நொடியும் கிடைக்காது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுத்துப் பிடிப்பை இழக்கும். இன்னும் மோசமானால் உள்ளே இருக்கும் திரவம் கொதித்துக் குமிழி விடும், லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். நின்று ஆறவிடுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். மேலே தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

வராமல் தடுக்க, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். சில நொடி உருளவிட்டு, நன்றாக அழுத்தி வேகத்தைக் கொன்று, மறுபடி முழுதாக விட வேண்டும். நீண்ட இறக்கங்கள் உள்ள மலை என்றால் ரெசின் பேடைவிட உலோகப் பேடு சூட்டைத் தாங்கும், ஆனால் சத்தம் போடும். பிரேக்குக்குள் இருக்கும் திரவம் டாட், கனிம எண்ணெய் என இரண்டு வகை. உங்கள் பிரேக்கில் டாட் வகைத் திரவம் என்றால் அது காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் உறிஞ்சியதற்கு அந்த அளவு 155 டிகிரிதான். வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கனிம எண்ணெய் பிரேக்கில் டாட் திரவத்தையோ, அதில் இதையோ ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் பாகங்கள் வீணாகும்.

டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்? பக்கத்துல 65 பி.எஸ்.ஐ.னு போட்டிருக்கே?

அது உச்ச வரம்பு, அவ்வளவு வைக்கச் சொல்லும் அறிவுரை அல்ல. 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்கலாம். உள்ளே ட்யூப் இருந்தால் நான்கைந்து கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதி ரிம்முக்கு இடையில் நசுங்கி ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க ட்யூப்லெஸுக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், குலுக்கிப் பாருங்கள், சளசளப்பு கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டும்.

வீட்டுல அளந்துதான் பிடிச்சேன். மேலே போனா டயர் கல்லு மாதிரி இருக்கு. பிரமையா?

பிரமை இல்லை. அளவுகருவி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்திலிருந்து 2500 மீட்டர் ஏறினால் வெளிக்காற்று ஏறக்குறைய 3.9 பி.எஸ்.ஐ. குறைகிறது, அந்த அளவு டயர் இறுகுகிறது. மேலே குளிர் என்பதால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி அதில் இரண்டு பி.எஸ்.ஐ.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆக, கீழே 25 வைத்தவருக்கு மேலே நிழலில் 27, டயரை வெயில் சுட்டால் 29 வரை இருக்கும். முரட்டுப் பாதையில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. நன்றாகவே தெரியும்.

மேலே போய் அளந்து விடுவதுதான் சரி. ஆனால் தடம் கீழே நகரம் வரை இறங்குகிறது என்றால் பாதி வழியில் ஒருமுறை மறுபடி பாருங்கள், மேலே 25-க்குக் குறைத்தது அடிவாரத்தில் 23-க்கு வந்திருக்கும், ரிம் கல்லில் இடிக்கும். காற்று ஃபோர்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 80 பி.எஸ்.ஐ. இருக்கும் இடத்தில் உயரம் கூட்டுவதும் குளிர் குறைப்பதும் ஏறக்குறைய ஒன்றையொன்று தீர்த்துவிடும்.

ஈரமான வேர் மேல ஏறினாலே விழறேன்.

எல்லோரும் விழுவோம். வேரை முடிந்தவரை செங்குத்தாகக் கடந்து போங்கள், சாய்வாக ஏறினால் சக்கரம் வேரோடு சறுக்கிக்கொண்டு போகும். வேர்மேல் இருக்கும் அந்தக் கணத்தில் பிரேக், திருப்பம், மிதி மூன்றும் வேண்டாம். அதற்கு முன்பே வேகத்தைச் சரிசெய்துகொண்டு சும்மா உருளுங்கள்.

தடத்து வாசல்ல பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம்னு போட்டிருக்கே?

கடினத்தின் குறி. வட அமெரிக்க வழக்கில் பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம், இரட்டைக் கறுப்பு மிகக் கடினம். ஐரோப்பாவில் பல இடங்களில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு வரும். ஜெர்மன் பேசும் நாடுகளில் எஸ்0 முதல் எஸ்5 வரை எண்ணால் சொல்வார்கள். இவை எல்லாம் தடத்தின் தரையை மட்டும் அளக்கின்றன. உயரம், தொலைவு, குளிர், உங்கள் களைப்பு எதுவும் அதில் இல்லை. 2800 மீட்டரில் உள்ள நீலம் அடிவாரத்து நீலம் அல்ல.

எதிர்ல ஆள் வந்தா யார் ஒதுங்கணும்?

சைக்கிள்தான், நடப்பவருக்கும் குதிரைக்கும். சைக்கிளுக்கு சைக்கிள் என்றால் ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றவர் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. குதிரை வந்தால் நின்று, இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி, வாய்விட்டு ஒரு வார்த்தை பேசுங்கள். பேசினால் நீங்கள் மனிதர் என்று அதற்குப் புரியும், ஹெல்மெட் போட்ட விநோதப் பிராணி அல்ல.

மழை பெஞ்ச மறுநாள் சேத்துல ஓட்டுறது ஜாலியா இருக்குமே, போகலாமா?

டயர் பதிந்த தடம் பின்னால் வரிபோல் நிற்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். நின்றால் திரும்பிவிடுங்கள். அந்த வரி காய்ந்து கெட்டியாகி, அடுத்த மழையில் நீர் ஓடும் வாய்க்காலாகும். ஒரு பருவத்தில் தடம் ஓடையாகிவிடும். நடுவில் குட்டை ஒன்று இருந்தால் அதன் நடுவே போங்கள். ஓரமாகப் போகப் போகத்தான் ஒற்றைத்தடம் மூன்று மீட்டர் அகலச் சகதியாகிறது.

தடம் வெட்டுபவர்களிடம் ஒரு பாதிக் கணக்கு உண்டு: தடத்தின் சாய்வு அந்த மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் அதன் மேலேயே ஓடும். நேர்செங்குத்தாக இறங்கும் குறுக்குவழிகள் எப்போதும் அரித்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். வளைவைத் தவிர்க்கப் புதுக்குறுக்குவழி போடுகிறவரோடு நான் இரண்டாம் முறை ஓட்டப் போவதில்லை.

நடக்கிறவங்களை விடுறாங்க, சைக்கிளை மட்டும் விடமாட்டேங்கறாங்க. என்ன நியாயம்?

சில இடங்களில் சட்டமே அப்படி. அமெரிக்காவில் 1964-ல் வந்த வனவெளிச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய காடுகளில் இயந்திர வாகனம் மட்டுமல்ல, சைக்கிளுக்கும் இடமில்லை. சட்டம் வந்தபோது மலைச்சைக்கிள் என்ற ஒன்றே இல்லாததால் அதைப் பற்றிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. மற்ற இடங்களில் பெரும்பாலும் காரணம் வேகம்தான். நடப்பவர் அரை நாளில் கடக்கும் காட்டை நீங்கள் ஒரு மணி நேரத்தில், சத்தமில்லாமல், வளைவில் திடீரென்று தோன்றிக் கடக்கிறீர்கள். இது விலங்குக்கும் மனிதருக்கும் ஒன்றுபோல் அதிர்ச்சி. பலகை ‘கூடாது’ என்றால் கூடாது. ஒருவர் மீறினாலும், அதுவரை திறந்திருந்த பக்கத்துத் தடத்தையும் மூடிவிடும் வாய்ப்பு உண்டு.

விலங்கு வந்தா என்ன பண்றது?

வந்தபின் செய்வதைவிட வருமுன் செய்வதுதான் அதிகம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில், 2016-ல் பார்வை மறைக்கும் வளைவில் வேகமாக வந்த ஒருவர் கரடியின் மீதே மோதி, அதனால் தாக்கப்பட்டு இறந்தார். இரண்டு பேருக்குமே விலகிப்போக நேரம் இருக்கவில்லை. ஆகவே மறைவான வளைவில் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுங்கள் அல்லது மணி கட்டிக்கொள்ளுங்கள். காதில் பாட்டு வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் காடு விலங்குகளுடையது. பார்த்துவிட்டால் நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்குங்கள். வேகமாக ஓட்டித் தப்பிக்கப் பார்ப்பது துரத்தச் சொல்லும் அழைப்பாகிவிடும்.

நகரம் இதோ கீழேயே தெரியுது, போன்லயும் சிக்னல் இருக்கும். தனியா போனா என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். தொலைதூர மலைக்குப் போகிறவர் ஆயத்தமாகப் போகிறார். நகரத்து மலைக்குப் போகிறவர் பூங்காவுக்குப் போவதுபோல் ஒரு பாட்டில் தண்ணீரோடு போகிறார். கண்ணுக்கு விளக்குகள் தெரியும், கணுக்கால் உடைந்தவருக்கு அந்த விளக்குகள் எட்டு மணி நேரத் தொலைவு. உச்சியில் நான்கு கோடு காட்டும் சிக்னல் மலையின் மறுபக்கப் பள்ளத்தில் ஒன்றுமில்லாமல் போகும். மரக்கூரையின் கீழே இருள், ஊரில் அந்தி சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடும்.

மூன்று பேர் சிறப்பு: ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் போய் ஆள் கூட்டி வர. தனியாகத்தான் போவேன் என்றால் எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் தேட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாமலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வையுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் போனின் மின்கலம் தீரும், விமானப் பயன்முறையில் போடுங்கள். பேச முடியாத இடத்தில் குறுஞ்செய்தி சிலநேரம் போய்விடும். ஒரு விசிலும் சிறு தலைவிளக்கும் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதினால் மலையேறிகள் நடுவே அது உதவிக் குரல்.

மத்தியானத்துக்கு மேல இடி இடிக்க ஆரம்பிச்சா?

காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்பது முதல் பதில். மலைகளில் வெயில் ஏற ஏற மேகம் திரளும், இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பின்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மேலே திரும்புங்கள். தனி மரத்தடி வேண்டாம். ஒரே உயரத்தில் மரங்கள் அடர்ந்த தாழ்வான பகுதி பரவாயில்லை. கூட வந்தவர்கள் இடைவெளி விட்டு நில்லுங்கள், ஒரே மின்னல் எல்லோரையும் சாய்த்துவிடக் கூடாது.

மோட்டார் வெச்ச மின்சைக்கிள்ல போனா இந்த உயரப் பிரச்சினையே இல்லையே?

மோட்டாருக்கு ஆக்சிஜன் வேண்டாம், உண்மை. ஏற்றம் சுலபமாகும். ஆனால் இறக்கத்தில் 22–25 கிலோ சைக்கிளை நிறுத்துவது உங்கள் பிரேக்கும் உங்கள் கையும்தான். குளிரில் மின்கலத்தின் கொள்ளளவு குறையும், தீர்ந்துவிட்டால் அந்த எடையைத் தள்ள வேண்டும். சுலபமாக ஏறிவிடுவதால் தன் திறமைக்கு மேற்பட்ட தடத்தின் தலையில் போய் நிற்பவர்களையும் பார்க்கிறேன். உயர நோய் மோட்டாரைப் பார்த்து விலகிப் போவதில்லை. பல தடங்களில் இதற்குத் தனி விதி உண்டு, வாசல் பலகையைப் படியுங்கள்.

விழுந்தேன், உடனே எழுந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சு தலைவலி, குமட்டல். இது அடிபட்டதாலயா, உயரத்தாலயா?

கேள்விகளில் இதுதான் கடினமானது, ஏனென்றால் தடத்தில் நின்றுகொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தலைக்குள் அதிர்வு ஏற்பட்டாலும் உயர நோய் வந்தாலும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், குழப்பம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நல்லவேளை, செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: ஓட்டுவதை நிறுத்தி, ஒருவர் கூடவே இருந்து, கீழே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுவது. முன்பு சொன்ன தள்ளாட்டச் சோதனையைச் செய்யுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, வாந்தி நிற்காதது, தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம் இவற்றில் எது வந்தாலும் மீட்புக்குழுவை அழையுங்கள், நடக்கவும் வைக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது என்றால் அசைக்காமல் அங்கேயே காத்திருங்கள். ஹெல்மெட்டில் கீறல் தெரியாவிட்டாலும் அதை மறுபடி போட வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது, வெளியே பார்த்தால் தெரியாது.

ரொம்ப அசந்துட்டேன், ஆனா இனிமே நகரம் வரைக்கும் இறக்கம்தானே? உருண்டு வந்துடலாமே?

இறக்கத்தில் உருள்வது ஓய்வு என்று நினைக்காதீர்கள். முன்கையும் விரலும் கண்ணும் ஏற்றத்தைவிட அதிகமாக உழைப்பது இப்போதுதான். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையை முஷ்டி பிடித்து விரிக்கிறேன், பத்து முறை. பத்தாவது முறை விரல் மந்தமாக விரிந்தால் சாப்பிட ஏதாவது எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காருவேன். அப்படியும் சரியாகாவிட்டால், தடத்தை விட்டுவிட்டு வண்டிப் பாதை வழியாக இறங்குவேன்.

வண்டிப் பாதையும் இல்லை என்றால் நடை. நாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்து இருட்டுக்கு முன் கிளம்புங்கள். தள்ளும்போது சைக்கிளின் இடப்பக்கம் நில்லுங்கள். செயினும் பல்சக்கரமும் வலப்பக்கம் இருப்பதால் கணுக்கால் கிழியாது. ஒரு கையாவது எப்போதும் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும்.